ஹிகாரி ரயிலும் பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவுக் கேள்வியும்



ஜப்பான் போய் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. "சார், புல்லட் ரயில்ல போனீங்களாமே, எழுதுங்க" என்று பலரும் கேட்டுவிட்டீர்கள். படங்களை மட்டும் போட்டுவிட்டு நான் சும்மா இருந்ததற்குக் காரணம் சோம்பல் இல்லை. அந்த ரயிலைப் பற்றி 20 வருடத்துக்கு மேல் வகுப்பில் உங்களுக்கு நான் சொல்லி வந்த பாடம் ஒன்று தப்பு என்பது அங்கே போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. தப்பைத் திருத்தி எழுத வேண்டுமானால் ஒழுங்காகப் படித்துவிட்டு எழுத வேண்டும் அல்லவா? அதற்குத்தான் இத்தனை நாள். பதிவு கொஞ்சம் நீளம். ஓய்வாக இருக்கும்போது படியுங்கள்.

என்னிடம் வரலாறு படித்தவர்களுக்கு நினைவிருக்கும். இரண்டாம் உலகப் போர் பாடம் முடிந்ததும் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு ஒரு பிரசங்கம் செய்வேன். "1945-ல ஜப்பான் சாம்பல். ஹிரோஷிமா போச்சு, நாகசாகி போச்சு, டோக்கியோ பாதிக்கு மேல எரிஞ்சு போச்சு. 1964-ல உலகத்துலயே வேகமான ரயில் விட்டான். எப்படி? உழைப்பு! ஒழுக்கம்! நீங்களும் இருக்கீங்களே!" என்று முடிப்பேன்.

அந்த 'நீங்களும் இருக்கீங்களே' யாரைப் பார்த்துச் சொன்னது என்று இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. சாத்தூர் பக்கத்துப் பள்ளிக்கூடம். விடிவதற்கு முன்னே எழுந்து தீப்பெட்டி ஆபீஸுக்குப் போய்விட்டு வந்து முதல் பீரியடில் உட்கார்ந்த பிள்ளைகள் என் வகுப்பில் இருந்தார்கள். விரல் நுனியில் மருந்து ஒட்டியிருக்கும். அவர்களிடம் போய் ஜப்பான்காரன் உழைப்பைப் பற்றிச் சொன்னவன் நான்.

1989 என்று நினைக்கிறேன். பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவில் ஒரு பெண் பிள்ளை எழுந்து, "சார், நாங்களுந்தான் உழைக்கிறோம். அவங்களுக்கு மட்டும் எப்படி சார் அஞ்சு வருஷத்துல முடிஞ்சது?" என்று கேட்டது. ஐந்து வருடத்தில் பாதை போட்டு முடித்தார்கள் என்று அதற்கு முன்தான் சொல்லியிருந்தேன். என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாத வாத்தியார் என்ன செய்வான்? "குறுக்கே பேசாதே, உட்கார்" என்றேன். அது உட்கார்ந்துவிட்டது.

இனி பயணத்துக்கு வருகிறேன்.

டோக்கியோவில் இருக்கும் மகள், மருமகன், பேத்தியோடு நானும் உங்கள் அம்மாவும் கியோட்டோ கிளம்பினோம். ஷின்கான்சென் ரயில்களில் வேகமானது நொசோமி, அடுத்தது ஹிகாரி, எல்லா நிலையத்திலும் நிற்பது கொடாமா. நம்பிக்கை, ஒளி, எதிரொலி என்று அர்த்தமாம். வெளிநாட்டுப் பயணிகளுக்கு விற்கும் பாஸில் நொசோமியில் ஏற வேண்டுமானால் தனியாகக் காசு கட்ட வேண்டும். எனவே எங்களுக்கு ஹிகாரி.

ரயிலின் மூக்கைப் பார்க்க வேண்டும் என்று பேத்தி அடம்பிடித்தாள். அவளைக் கூட்டிக்கொண்டு 18, 19-ஆம் நடைமேடையின் தென்கோடி வரை நடந்தேன். அங்கே ஒரு வயதானவரின் முகம் உலோகத்தில் புடைப்புச் சிற்பமாகப் பதித்து வைத்திருக்கிறது. யாரும் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நம் ஊராக இருந்தால் மாலையாவது போட்டிருப்பார்கள். பின்னால் வந்த மருமகன் எழுத்தைப் படித்துச் சொன்னார்: "சோகோ ஷின்ஜினு போட்டிருக்கு மாமா. ரயில்வே தலைவரா இருந்தவர்."

அந்தப் பெயரை நான் அதுவரை கேள்விப்பட்டதே இல்லை. இத்தனை வருடம் அந்த ரயிலைப் பற்றிப் பிரசங்கம் செய்தவன், அதை உண்டாக்கியவர் பெயரைத் தெரிந்துகொள்ளவில்லை. அந்த ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு போனதில் கிடைத்ததுதான் இனி வரும் கதை.

கதை 1872-ல் தொடங்குகிறது. அந்த ஆண்டுதான் ஜப்பானில் முதல் ரயில், டோக்கியோவின் ஷிம்பாஷியிலிருந்து யோக்கஹாமாவுக்கு, ஓடியது. ஆங்கிலேயப் பொறியாளர்களின் துணையோடு போட்ட பாதை. செலவு குறையட்டும் என்று தண்டவாளத்துக்கு இடையே 1067 மி.மீ. அகலம் வைத்தார்கள். ஐரோப்பாவில் பொதுவாக இருந்தது 1435 மி.மீ. ஒன்றேகால் அடி கூட வித்தியாசம் கிடையாது. ஆனால் அந்த வித்தியாசம் ஜப்பானியரை 90 வருடம் ஆட்டிப் படைத்தது.

நம் பக்கத்துப் பெரியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நம் ஊர் வழியாக ஓடியதும் மீட்டர் கேஜ்தான், 1000 மி.மீ. வடக்கே போக வேண்டுமானால் எழும்பூரில் இறங்கி, மூட்டை முடிச்சோடு சென்ட்ரலுக்குப் போய், 1676 மி.மீ. அகலப்பாதை வண்டியில் ஏற வேண்டும். சின்ன வயதில் அப்பாவோடு அப்படி ஒரு தடவை போயிருக்கிறேன். ரயில் எவ்வளவு பெரிதாக இருக்கலாம், எவ்வளவு வேகம் போகலாம், எவ்வளவு சுமை இழுக்கலாம் என்பதெல்லாம் அந்த அகலத்தைப் பொறுத்தது. ஒருமுறை குறுகலாகப் போட்டுவிட்டால் பிறகு மாற்றுவது பெரும்பாடு.

1908-ல் ஜப்பான் ரயில்வே நிர்வாகத்துக்குத் தலைவராக வந்த கோட்டோ ஷிம்பெய், நாட்டின் பாதைகளை எல்லாம் 1435-க்கு மாற்ற வேண்டும் என்று வாதாடினார். அவருக்குத் துணை நின்ற பொறியாளர் ஷிமா யாசுஜிரோ. இவர் 1917-ல் யோக்கஹாமா பக்கத்தில் ஒரு பாதையில் சோதனை நடத்தி, மாற்ற முடியும் என்று காட்டியும்விட்டார். எதிர்த்தரப்பில் இருந்தவர்கள் அரசியல்வாதிகள். 'இருக்கிற பாதையை அகலப்படுத்த ஏன் செலவு? அந்தக் காசில் கிராமங்களுக்குப் புதுப் பாதை போடலாம்' என்றார்கள். கிராமத்துக்கு ரயில் விட்டால் ஓட்டு கிடைக்கும் அல்லவா? இந்தக் கட்சியின் தலைவர் ஹாரா தகாஷி 1918-ல் பிரதமரானார். மறு வருடமே அகலப்படுத்தும் திட்டம் கைவிடப்பட்டது. ஷிமா யாசுஜிரோ வேலையை விட்டு விலகினார்.

கோட்டோவின் கீழே 1909-ல் வேலைக்குச் சேர்ந்த ஓர் இளைஞர் இதையெல்லாம் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர்தான் சோகோ ஷின்ஜி. ஷிமா யாசுஜிரோவுக்கு ஒரு மகன். பெயர் ஷிமா ஹிதேயோ. அவரும் ரயில்வே பொறியாளராகிறார். இந்த இரண்டு பேரையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ரயில் கிளம்பியது. உங்கள் அம்மா மடிப்பலகையில் தண்ணீர் பாட்டிலை வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னங்க, தண்ணிகூட ஆட மாட்டேங்குது. நிக்குதா ஓடுதா?" என்றாள். மணிக்கு 285 கி.மீ. வரை போகும் வண்டி என்று மருமகன் சொன்னதும் பாட்டிலை எடுத்துப் பைக்குள் வைத்துவிட்டாள். பயம் வந்துவிட்டது போலிருக்கிறது.

கொண்டு போன தயிர் சாதத்தைத் திறந்த நேரத்தில் ரயில் அதாமியைத் தாண்டி ஒரு சுரங்கத்துக்குள் நுழைந்தது. இரண்டு நிமிடம் இருட்டு. பேத்தி எண்ண ஆரம்பித்தாள். புதிய தன்னா சுரங்கம், ஏறத்தாழ 8 கி.மீ. நீளம். என் பாடத்தில் ஓட்டை விழுந்த இடம் இதுதான்.

இந்தச் சுரங்கத்தைத் தோண்டத் தொடங்கியது 1959-ல் இல்லை, 1941-ல்.

1930-களின் கடைசியில் ஜப்பான் சீனாவுக்குள் புகுந்து போர் நடத்திக்கொண்டிருந்தது. கொரியாவும் மஞ்சூரியாவும் அதன் பிடியில் இருந்தன. படைகளையும் சரக்குகளையும் விரைவாக அனுப்ப, டோக்கியோவிலிருந்து தென்மேற்கே ஷிமோனோசெகி துறைமுகம் வரை 1435 மி.மீ. அகலத்தில் தனிப் பாதை போட 1940-ல் ஒப்புதல் கிடைத்தது. அங்கிருந்து கடல் கடந்தால் கொரியா, மஞ்சூரியா, பெய்ஜிங் வரை போகலாம். அதற்கு மக்கள் வைத்த பெயர் 'தங்கான் ரெஷ்ஷா'. அர்த்தம் துப்பாக்கிக் குண்டு ரயில். புல்லட் ரயில் என்ற பெயரே அங்கிருந்து வந்ததுதான். அந்தத் திட்டத்தை ஆராய்ந்த குழுவுக்குத் தலைவராக அழைக்கப்பட்டவர், 20 வருடம் முன்பு தோற்று வெளியேறிய அதே ஷிமா யாசுஜிரோ.

நிலம் வாங்கினார்கள். போர்க்காலம், கொடுக்க மாட்டேன் என்று யார் சொல்ல முடியும்? சுரங்கங்கள் தோண்டத் தொடங்கினார்கள். 1943-ல் போர் முற்றியதும் வேலை நின்றது. யாசுஜிரோ 1946-ல் இறந்துபோனார். அவர் கண்ணால் பார்த்தது பாதி தோண்டிய சுரங்கங்களை மட்டும்தான். அவற்றில் நிஹோன்சாக்கா என்ற சுரங்கம் 1944-லேயே முடிந்திருந்தது. நாங்கள் அதன் வழியாகவும் போனோம்.

இன்னொரு விஷயம் கேளுங்கள். தன்னா சுரங்கத்தின் மேற்கு வாசலுக்குப் பக்கத்தில், கன்னாமி என்ற ஊரில், ஒரு குடியிருப்புப் பகுதிக்கு 'ஷின்கான்சென்' என்றே பெயர். 1940-களில் சுரங்கத் தொழிலாளர்கள் தங்கிய இடம். ரயில் வருவதற்கு 20 வருடத்துக்கு முன்பே ரயிலின் பெயரில் ஊர் வந்துவிட்டது!

பக்கத்திலேயே பழைய ரயில் பாதைக்கான தன்னா சுரங்கம் இருக்கிறது. 1918-ல் தொடங்கி 1934-ல் முடிந்தது. 16 வருடம். மண் சரிந்தும் வெள்ளம் புகுந்தும் 67 பேர் செத்துப்போனார்கள். மலைக்குள் இருந்த தண்ணீரெல்லாம் சுரங்கம் வழியே வடிந்துவிட்டதால், மேலே தன்னா பள்ளத்தாக்கில் நெல்லும் வசாபிக் கிழங்கும் போட்டுக்கொண்டிருந்த சம்சாரிகளுக்குத் தண்ணீர் இல்லாமல் போனது. பிறகு அவர்கள் மாடு வளர்த்துப் பிழைக்க வேண்டியதாயிற்று. கிணறு வற்றினால் என்ன ஆகும் என்று கரிசல்காட்டுக்காரர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டுமா? ஆனால் அந்த மலையின் குணத்தை அப்போது அத்தனை பாடுபட்டுத் தெரிந்துகொண்டதால்தான், அதே மலையில் புதுச் சுரங்கம் தோண்டியவர்களுக்கு வேலை சுலபமானது.

சுரங்கம் முடிந்து வெளிச்சம் வந்தது. மிஷிமா தாண்டியதும் வலது பக்க ஜன்னலில் ஃபுஜி மலை. ரயில் முழுவதும் செல்போன்கள் தூக்கிக்கொண்டன. மேகம் மேலே மட்டும் விலகி, உச்சி தனியாக மிதந்தது. உங்கள் அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். அந்தப் படத்தைத்தான் பார்த்து 300 பேர் விருப்பக்குறி போட்டீர்கள்.

இனி போருக்குப் பிந்தைய கதை.

தோற்ற ஜப்பானுக்கு ராணுவம் வைத்துக்கொள்ள அனுமதி இல்லை, விமானம் கட்டவும் தடை. வேலையிழந்த பொறியாளர்கள் பலரை ரயில்வேயின் ஆராய்ச்சி நிலையம் சேர்த்துக்கொண்டது. மூன்று பேரை மட்டும் சொல்கிறேன். மிக்கி தடநாவோ, கடற்படைக்கு 'கிங்கா' குண்டுவீச்சு விமானத்தையும், ஆளோடு சேர்ந்து மோதி வெடிக்கும் 'ஓகா' விமானத்தையும் வடிவமைத்தவர். காற்றைக் கிழித்துப் போகும் ரயில் உடலை வடிவமைக்க அவர் அறிவு பயன்பட்டது. மட்சுதைரா தடாஷி, 'சீரோ' போர் விமானத்தின் இறக்கை வேகத்தில் ஏன் நடுங்கி முறிகிறது என்று ஆராய்ந்தவர். வேகமாக ஓடும் ரயில் தண்டவாளத்தில் பாம்பு போல நெளியும். அந்த நெளிவை அடக்கியது அவர் கணக்கு. மூன்றாமவர் ராணுவத்தில் சமிக்ஞைத் துறையில் இருந்த கவநபே ஹஜிமே. 200 கி.மீ. வேகத்தில் ஓட்டுநரால் பாதையோரக் கைகாட்டியைப் பார்த்துப் படிக்க முடியாது. அனுமதித்த வேகத்தை வண்டிக்குள்ளேயே காட்டி, மீறினால் தானே பிரேக் போடும் ஏற்பாடு இவர் பிரிவின் வேலை.

உங்கள் அம்மாவின் தண்ணீர் பாட்டில் ஆடாததற்குப் பின்னால் ஒரு போர் விமானத்தின் இறக்கை இருக்கிறது.

1955-ல் ரயில்வே தலைவர் பதவி காலியானது. முந்தைய வருடம் தோயா மாரு என்ற ரயில்வே கப்பல் புயலில் மூழ்கி 1,100-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 1955 மே மாதம் ஷியுன் மாரு என்ற இன்னொரு கப்பல் மோதி மூழ்கியது. இறந்தவர்களில் பெரும்பாலோர் சுற்றுலா போன பள்ளிப் பிள்ளைகள். தலைவர் பதவி விலகினார். அந்த நாற்காலியில் உட்கார யாருக்கும் ஆசை இல்லை. 71 வயதான சோகோ ஷின்ஜி சம்மதித்தார். அவரும் அப்பழுக்கில்லாத ஆள் என்று சொல்ல மாட்டேன். ஜப்பானின் ஆக்கிரமிப்புக்கு முதுகெலும்பாக இருந்த தென் மஞ்சூரிய ரயில்வேயில் இயக்குநராக இருந்தவர்.

அவர் முதலில் தேடியது ஷிமா ஹிதேயோவை. 1951-ல் யோக்கஹாமாவின் சகுராகிச்சோ நிலையத்தில் ஒரு ரயில் தீப்பிடித்து 106 பேர் கருகி இறந்தார்கள். அதற்குப் பிறகு ரயில்வேயை விட்டு விலகி வேறு நிறுவனத்தில் இருந்தார் ஷிமா. அப்பா விட்டுப்போன வேலையை மகன் முடிக்க வேண்டாமா என்று கேட்டுத்தான் சோகோ அவரைத் திரும்பக் கூட்டிவந்தாராம். ஷிமா தலைமைப் பொறியாளரானார்.

டோக்கியோ–ஒசாகா பழைய பாதை திணறிக்கொண்டிருந்தது. நாட்டின் மொத்த ரயில் பாதையில் அது 3 சதவீதம் நீளம்தான். ஆனால் போக்குவரத்தில் கால் பங்கு அதன் மேல் ஓடியது. பழைய அகலத்திலேயே பக்கத்தில் இன்னும் இரண்டு தண்டவாளம் போட்டால் போதும் என்றார்கள் பலர். விமானமும் காரும் வந்துவிட்ட காலத்தில் ரயிலுக்கு எதற்குக் காசு என்றார்கள் வேறு சிலர். சீனப் பெருஞ்சுவரோடும், உலகிலேயே பெரிதாகக் கட்டி ஒரு பயனும் இல்லாமல் 1945-ல் மூழ்கிய யமாட்டோ போர்க்கப்பலோடும் சேர்த்துக் கேலி செய்தார்கள். 1957-ல் ஆராய்ச்சி நிலையத்தார் டோக்கியோவில் பொதுக்கூட்டம் போட்டு, மூன்று மணி நேரத்தில் ஒசாகா போக முடியும் என்று விளக்கியபோதுதான் மக்களுக்கு ஆசை வந்தது. அப்போது இருந்த விரைவு ரயில்களுக்கு ஏழரை மணி நேரம் ஆனது.

அடுத்து, பாடப்புத்தகத்தில் போட முடியாத ஒரு விஷயம். ஷிமாவின் கணக்குப்படி ஆகும் செலவு ஏறத்தாழ 300 பில்லியன் யென். இதைச் சொன்னால் நாடாளுமன்றம் ஒப்புக்கொள்ளாது என்று தெரிந்தே, சோகோ அதை 200 பில்லியனுக்குள் குறைத்துக் காட்டினார். அப்புறம் அரசாங்கம் மாறினாலும் வேலை நிற்கக் கூடாது என்பதற்காக உலக வங்கியில் கடன் கேட்டார். 1961-ல் கிடைத்தது 8 கோடி டாலர். மொத்தச் செலவில் இது சின்னப் பங்குதான். ஆனால் அரசு கையெழுத்துப் போட்டுவிட்டால் பின்வாங்க முடியாது. ஒரு காலத்தில் ஜப்பானும் உலக வங்கியிடம் கை நீட்டிய நாடுதான். 1981-ல்தான் கட்டி முடித்தார்கள்.

1959 ஏப்ரல் 20-ஆம் தேதி பூமி பூஜை. வேறெங்கும் இல்லை, அதே புதிய தன்னா சுரங்கத்தின் வாசலில். 1963 மார்ச்சில் சோதனைப் பாதையில் ரயில் 256 கி.மீ. வேகத்தைத் தொட்டது. ஆனால் செலவு 380 பில்லியன் யென்னுக்கு ஏறிவிட்டது. கணக்கு கேட்டார்கள். அதே 1963 மே மாதம் சோகோவுக்குப் பதவி நீட்டிப்பு இல்லை. ஷிமாவும் அவரோடு விலகினார்.

1964 அக்டோபர் 1, காலை 6 மணி. ஒலிம்பிக் தொடங்க இன்னும் 9 நாள். டோக்கியோ நிலையத்தில் புதிய தலைவர் ரிப்பன் வெட்ட, முதல் ஹிகாரி ஒசாகாவுக்குக் கிளம்பியது. 515 கி.மீ. தூரம், மணிக்கு 210 கி.மீ. வேகம், முதல் வருடம் நான்கு மணி நேரப் பயணம். அந்த நடைமேடை விழாவுக்கு சோகோவுக்கும் அழைப்பு இல்லை, ஷிமாவுக்கும் அழைப்பு இல்லை. வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்தார்கள் என்கிறார்கள்.

பாதை போடும்போது இறந்த தொழிலாளர்கள் 200 பேருக்கு மேல். அவர்களும் பார்க்கவில்லை.

ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் நாங்கள் கியோட்டோவில் இறங்கினோம். அதற்கு முன்னே நகோயாவில் ரயில் வீடுகளுக்கு நடுவே போகும். மொட்டை மாடிக் கொடித் துணிகள்கூடத் தெரியும். நான் பார்த்துக்கொண்டே போன அந்த வீடுகளில், ஒரு காலத்தில் சில நிமிடத்துக்கு ஒரு முறை தட்டுமுட்டுச் சாமான்கள் அதிர்ந்திருக்கின்றன. பிள்ளைகள் தூங்க முடியவில்லை, நோயாளிகள் படுக்க முடியவில்லை. 1974-ல் அங்கே குடியிருந்த 575 பேர் ரயில்வே மேல் வழக்குப் போட்டார்கள். 1975-ல் அரசு இரைச்சலுக்கு வரம்பு வைத்தது. வழக்கு சமரசத்தில் முடிய 1986 ஆகிவிட்டது. உள்ளே உட்கார்ந்திருக்கும் நமக்குச் சத்தமே கேட்பதில்லை. அந்த அமைதியில் பாதி, ரயிலுக்கு வெளியே இருந்தவர்கள் 12 வருடம் கோர்ட்டுக்கு நடந்து வாங்கியது.

குறை மட்டும் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். 1964 முதல் இன்று வரை, ஷின்கான்சென் ரயில்கள் மோதியோ தடம் புரண்டோ ஒரு பயணிகூட இறந்ததில்லை. நிலநடுக்கங்கள் நிறைந்த நாட்டில் இது சாதாரணச் சாதனை இல்லை. 2004-ல் நீகாட்டா நிலநடுக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த ரயிலே தடம் புரண்டது. ஒருவருக்கும் காயமில்லை. ரயிலுக்கு எதிர்காலம் இல்லை என்று உலகம் கைவிட இருந்த நேரத்தில் இது ஓடியது. அதைப் பார்த்துத்தான் மற்ற நாடுகளுக்கும் தைரியம் வந்தது. பிரான்ஸில் பாரிஸ்–லியோன் பாதை 1981-ல் திறந்தது. நம் நாட்டில் மும்பை–அகமதாபாத் இடையே 508 கி.மீ. தூரத்துக்கு ஜப்பானியத் தொழில்நுட்பத்தில் பாதை போடத் தொடங்கியிருக்கிறார்கள். அதன் அகலமும் 1435 மி.மீ.தான்.

உழைப்பும் உண்மைதான். அதை நான் மறுக்கவில்லை. எங்கள் ரயில் கிளம்புவதற்கு முன் சுத்தம் செய்தவர்கள், சில நிமிடத்தில் எல்லா இருக்கைகளையும் எதிர்த்திசைக்குத் திருப்பி, துடைத்து, வெளியே வந்து வரிசையாக நின்று தலை வணங்கினார்கள். உங்கள் அம்மா திரும்ப வணக்கம் வைத்தாள்.

ஆனால் அந்தப் பிள்ளை கேட்டது உழைப்பைப் பற்றி இல்லையே. 'நாங்களுந்தான் உழைக்கிறோம், அவர்களுக்கு மட்டும் எப்படி முடிந்தது' என்பதுதான் கேள்வி. 35 வருடம் கழித்துப் பதில் சொல்கிறேன்.

அம்மா, அது ஐந்து வருடத்தில் முடியவில்லை. கோட்டோ கேட்டதிலிருந்து கணக்குப் போட்டால் 50 வருடத்துக்கு மேல். சாம்பலிலிருந்தும் முளைக்கவில்லை. ஐந்து வருடக் கட்டுமானம் தொடங்கியபோது, போர்க்காலத்தில் வாங்கிய நிலத்தில் ஒரு பகுதி கையில் இருந்தது. பாதி தோண்டிய சுரங்கம் இருந்தது. அரசாங்கம் பெரும் பணம் செலவழித்துப் படிக்க வைத்த பொறியாளர்கள் இருந்தார்கள். அதில் ஒரு பங்கு, கொரியாவையும் சீனாவையும் அடக்கி வைக்கச் செய்த செலவு. கடன் கொடுக்க ஆள் இருந்தது. குறைத்துக் காட்டிய கணக்கும் இருந்தது. இவ்வளவுக்கும் மேலேதான் உழைப்பு. உங்களிடம் உழைப்பு இருந்தது. மற்றது இல்லை. இதை அன்றைக்கே நான் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் படித்து முன்னுக்கு வராமல் போனால் அது உங்கள் சோம்பலால்தான் என்பது போல ஒரு பாடத்தை உங்கள் தலையில் ஏற்றிவிட்டேன். தீப்பெட்டி ஆபீஸிலேயே நின்றுபோன பிள்ளைகளில் எத்தனை பேர் அதை நம்பியிருப்பீர்களோ, தெரியவில்லை. அதற்காக என்னை மன்னித்துவிடுங்கள்.

திரும்பி வந்தபோது டோக்கியோ நிலையத்தில் 18, 19-ஆம் நடைமேடைக்குக் கீழே, 1964-ல் வைத்த ஒரு பலகையை மருமகன் காட்டினார். இந்தப் பாதை ஜப்பானிய மக்களின் அறிவாலும் முயற்சியாலும் உருவானது என்கிற அர்த்தத்தில் ஜப்பானிய மொழியிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருக்கிறது. ஒருவர் பெயரும் இல்லை. என் பழைய பிரசங்கமும் ஏறக்குறைய அந்தப் பலகை மாதிரிதான். பொய் இல்லை. ஆனால் யார், எப்போது, எதைக் கொடுத்து, எதை இழந்து என்பது மட்டும் அதில் கிடையாது. வரலாற்று வாத்தியாருக்கு அதுதான் வேலை.

சோகோ 1981-ல், 97 வயதில் காலமானார். நடைமேடைக் கோடியில் அவர் முகம் பதிந்து நிற்கிறது. அடுத்த தடவை யாராவது டோக்கியோ போனால், ரயில் மூக்கைப் படம் எடுத்த கையோடு அவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வாருங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 1989-ல், அல்லது அதற்கு ஒரு வருடம் முன்பின், பத்தாம் 'ஆ' பிரிவில் படித்தவர்கள் யாராவது இதைப் படித்தால், அந்தக் கேள்வியைக் கேட்டது யார் என்று நினைவிருக்கிறதா பாருங்கள். ஜன்னல் ஓரம் மூன்றாவது பெஞ்ச். இரட்டைச் சடை. பெயர் எனக்கு நினைவுக்கு வர மாட்டேன் என்கிறது. தெரிந்தால் பொதுவில் எழுத வேண்டாம், எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். இந்தப் பதிவை அவரிடம் சேர்த்துவிட வேண்டும்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர்